படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா? 1850ல இருந்து தொடர்ற ஒரு கேள்வி

எங்க ஊர் அரூர். அங்க ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிச்சுட்டு "ஓவியக் கல்லூரியில சேரப் போறேன்"னு சொன்னா, வீட்டுல வர்ற முதல் கேள்வி, "அதுல சோறு கிடைக்குமா?" இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வரும். ஆனா சென்னை ஓவியக் கல்லூரியோட வரலாறே இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களோட வரலாறுதான். இன்னிக்கு அதைப் பேசுவோம்.

மொரப்பூர்ல ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா, நடந்து போற தூரத்துல பெரியமேடு. அங்கதான் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு. 1850ல அலெக்ஸாண்டர் ஹண்டர்னு ஒரு மருத்துவர் தனியார் பள்ளியா ஆரம்பிச்சார். சில வருஷத்துலயே அரசு எடுத்துக்கிச்சு. அப்போ அது ஒரு தொழில் கலைப் பள்ளி. நல்லா வரையத் தெரிஞ்ச, பொருள் செய்யத் தெரிஞ்ச கைவினைஞர்களை உருவாக்கணும், அவ்வளவுதான் நோக்கம். நம்ம வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்த இடத்துக்கும்கூட சம்பந்தம் இருக்கு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898ல அலுமினியப் பாத்திரம் செய்யிற வேலையை இங்கதான் தொடங்கினார். ஆக முதல் பதில்: தொழில் கத்துக்கோ, சோறு கிடைக்கும்.

1920களோட கடைசியில தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1957 வரைக்கும் இருந்தார். மெரினாவுல நாம செல்ஃபி எடுக்கிற உழைப்பாளர் சிலை அவர் செஞ்சது. 1959ல அங்க வெச்சாங்க. அந்தச் சிலைக்கு மாடலா நின்னவங்கள்ல ஒருத்தர் கல்லூரியோட காவல்காரர்னு சொல்லுவாங்க. ராய் சௌத்ரி காலத்துல பள்ளியோட முகம் மாறுச்சு. மாணவன் இப்போ கைவினைஞன் மட்டும் இல்ல, தனக்குன்னு ஒரு பார்வை இருக்கிற கலைஞன். மரியாதை கூடுச்சு. ஆனா வெளியே வந்தா அந்தக் கலையை வாங்குறதுக்கு ஆள் இல்ல.

இந்த இடைவெளியை நேருக்கு நேர் பார்த்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911ல கோயம்புத்தூர்ல பிறந்தவர். இதே பள்ளியில மாணவர், பிறகு ஆசிரியர், 1957ல முதல்வர். அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க படிப்பு முடிஞ்சதும் ஏதோ ஒரு வேலைக்குப் போய், தூரிகையை ஓரமா வெச்சுடுறதை அவர் பார்த்துக்கிட்டே இருந்தார். 1960கள்ல ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து துணியில பாத்திக் வேலை செஞ்சு வித்தாங்க. அந்தக் காசுல இஞ்சம்பாக்கத்துல கடலோரமா மணல் நிலம் வாங்கினாங்க. 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. நாளில் ஒரு பங்கு கைவினை, அது அடுப்புக்கு. மீதி ஓவியமும் சிற்பமும், அது தனக்கு. ஓவியம் விக்கலைன்னாலும் பட்டினி இல்ல. அதனால வாங்குறவனுக்காக ஓவியத்தை மாத்தவும் வேண்டாம்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களும் அதே 60கள்ல வந்ததுதான். எழுத்து, எண், ஜாதகக் கட்டம் மாதிரியான கோடுகள்னு நம்ம ஊர் காகிதத்துல இருக்கிறதையே ஓவியமாக்கினார். ஐரோப்பாவைப் பார்த்து வரையறதை விட்டு நம்ம கோட்டுக்குத் திரும்பினதும், நம்ம கைத்தொழிலை நம்பி வாழத் துணிஞ்சதும் ஒரே காலத்துல நடந்திருக்கு.

திருச்சிப் பக்கத்துக் கிராமத்துல இருந்து வந்த கே.எம். ஆதிமூலமும் 60கள்ல இங்க படிச்சவர்தான். நெசவாளர் சேவை மையத்துல வடிவமைப்பாளரா ரொம்ப வருஷம் வேலை பார்த்தார். அந்த வேலையில இருந்துக்கிட்டேதான் காந்தி நூற்றாண்டுக்குக் கோட்டோவியங்கள் வரைஞ்சார், தமிழ்ச் சிற்றிதழ்களோட பக்கங்களுக்கும் புது முகம் கொடுத்தார். வேலை அவர் கலையைத் தின்னுடல.

இப்போ அரூருக்கு வருவோம். 1965 வரைக்கும் நாங்க சேலம் மாவட்டம். எங்க வட்டாரத்துல வயல் ஓரத்துல, ஏரிக்கரையில நடுகற்கள் நிக்கும். வில்லோட ஒரு வீரன், பக்கத்துல எழுத்து. செதுக்கினவன் எந்தக் கல்லூரிக்கும் போகல; ஆனா கோடு எங்க போகணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதே ஊர்ல எங்க தலைமுறை பார்த்த ஒரே ஓவியர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்தான். லோயர், ஹையர் தேர்வு எழுதி, வேலை வாங்கி, போர்டு எழுதி, திருவிழாவுக்கு பேனர் வரைஞ்சவர். அவரைப் பார்த்து "வெறும் டிராயிங் மாஸ்டர்"னு சொன்ன கூட்டத்துல நானும் வளர்ந்தேன்.

போன மாசம் அக்கா பொண்ணு கேட்டா: "மாமா, நான் சேர்ந்தா நாலு வருஷம். அப்புறம்?" நான் சொன்னது இதுதான். "கண்ணு, அப்புறம் என்னன்னு சேர்றதுக்கு முன்னாடியே யோசி. கூடப் படிக்கிறவங்களோட சேர்ந்து யோசி." அக்காகிட்ட வேற மாதிரி சொன்னேன்: "நீ கேக்குற கேள்வி சரிதான்க்கா. ஆனா அதுக்கு 'கிடைக்காது'ங்கிறது மட்டும் பதில் இல்ல."

திறமை இருந்தா ஜெயிக்கலாம்னு சொல்றது சுலபம். சோழமண்டலம் சொல்றது அதைவிடக் கொஞ்சம் கஷ்டமானது: வாடகையைப் பத்தி ஒண்ணா உக்காந்து பேசின கூட்டம்தான் திறமையைக் காப்பாத்திச்சு. ஈ.சி.ஆர்ல போறப்போ இஞ்சம்பாக்கத்துல ஒருதடவை இறங்கிப் பாருங்க. அந்தச் சிற்பங்கள் நிக்கிற மண்ணு பாத்திக் துணி வித்த காசுல வாங்கினது.