அரச சுகாதார சேவை, இலங்கை

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். செலவு வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. 1864இல் தொடங்கிய கொழும்பு தேசிய வைத்தியசாலை இச்சேவையின் முகமாகத் தெரிந்தாலும், அதன் உண்மையான பலம் கிராமங்களில்தான் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, நோய் வரும் முன் காப்பதை அரசின் கடமையாக்கியது. வீட்டுப் படியேறி வந்து குழந்தையை நிறுத்து, நிறையைப் பதிவேட்டில் குறிக்கும் குடும்ப நல உத்தியோகத்தர் அந்த முறையின் வாரிசு. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு, 2016இல் மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. பெரிய கட்டடங்களால் மட்டும் இது கைகூடியிருக்காது.

இலவசச் சேவை அரசுக்குத் தாங்காது என்பர் சிலர். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளியேற்றமும் அவ்வாதத்துக்கு வலுச்சேர்த்தன. ஆயினும் அன்று வற்றியது அந்நியச் செலாவணி. நோயாளியிடம் ரூபாயில் கட்டணம் வாங்கியிருந்தால் டொலர் வந்திராது. கொழும்பின் தனியார் வைத்தியசாலைகள் வசதியுள்ளோரின் காத்திருப்பைக் குறைக்கின்றன. ஆனால் நீண்டகால நோயுள்ள கூலித் தொழிலாளிக்கு அரச கிளினிக்கே கதி. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் (1987) மாகாண சபைகளுக்குச் சுகாதாரத்தில் அதிகாரம் அளித்தும், போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழேயே உள்ளன. மாகாண சபையின் கீழுள்ள சிறிய வைத்தியசாலையில் மருந்தோ பரிசோதனையோ கிடைக்காதபோது நோயாளி கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார். எனவே சீர்திருத்தம் கட்டணத்திலிருந்தல்ல, ஊர் வைத்தியசாலையின் மருந்தகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.