சோதனைக்குழாயும் மனித உடலும்

ஒரு தடுப்பு மருந்து காக்குமா என்பதை, அதனை ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்றிப் பார்க்குமுன்னரே சோதனைச்சாலையில் அறிய இயலுமா? எய்ட்ஸ் தடுப்பு ஆராய்ச்சியின் வரலாறு பெரிதும் இவ்வினாவையே சுற்றி வந்துள்ளது.

அறிஞர் முதலில் நம்பியது பிறபொருளெதிரிகளை. மருந்து பெற்றோரின் குருதிநீர், சோதனைச்சாலையில் வளர்த்த வைரசைச் செயலிழக்கச் செய்தது. ஆயினும், 2003இல் வெளியான முடிவுகள் அம்மருந்தாற் பயனில்லை எனக் காட்டின. மக்களிடையே உலவும் வைரசு அத்துணை எளிதில் அடங்குவதன்று. அடுத்து, வெண்குருதிக் கலங்களின் எதிர்ப்பை அளந்தனர். அளவு நன்றாகவே இருந்தது; எனினும் அம்முயற்சியும் 2007இல் பயனின்றி நிறுத்தப்பட்டது.

தாய்லாந்தில் 16,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. தொற்று ஏறத்தாழ 31 வீதம் குறைந்திருந்தது. சேமித்த குருதியை ஆராய்ந்தோர், வைரசின் மேலுறையில் ஒரு குறித்த பகுதியைப் பற்றும் பிறபொருளெதிரி மிகுந்தோர்க்கு ஆபத்துக் குறைவு என 2012இல் அறிவித்தனர். ஆனால், அவ்வழியைப் பின்பற்றித் தென்னாபிரிக்காவில் நடந்த சோதனை 2020இல் தோல்வியுற்றது.

பின்னர், பிறபொருளெதிரி ஒன்றையே நேராகக் குருதியில் ஏற்றிப் பார்த்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, பொதுவாக அது தொற்றைத் தடுக்கவில்லை. ஆனால், அதற்கு எளிதில் அடங்குவன எனச் சோதனைக்குழாய் காட்டிய வைரசு வகைகளின் தொற்று மட்டும் ஏறத்தாழ 75 வீதம் குறைந்தது. சோதனைக்குழாயின் கூற்றை இங்கே மனித உடல் மெய்ப்பித்தது.

அளவுகோலைச் செய்தவர் அறிஞர். அது மெய்யா பொய்யா எனக் காட்டியவரோ, தம் உடலையே சோதனைக்கு ஈந்த எளிய மக்கள். தோல்வியுற்ற சோதனைகளில் பங்குகொண்டோர்க்கும் இந்நன்றி உரியது.