மது போதையில் வாகனம் ஓட்டிய வழக்குகள்: சட்டம் கேட்பதும் காவல்துறை செய்வதும்

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவது குற்றம். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாலையோரம் நடந்து செல்பவர்கள், மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர்கள், நடைபாதையில் உறங்குகிறவர்கள் ஆகியோரின் உயிரைப் பறிக்கும் குற்றம் அது. எனவே அச்சட்டம் தளர்த்தப்பட வேண்டும் என்று நாம் கோரவில்லை. முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்றே கோருகிறோம். குற்றத்தை எப்படி மெய்ப்பிக்க வேண்டும் என்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் படிப்படியாக வகுத்துள்ளது. வறியவர் பிடிபடும்போது அந்தப் படிகள் தாண்டப்படுகின்றன. வசதி படைத்தவர் பிடிபடும்போது அவை வளைக்கப்படுகின்றன.

குற்றம் என்பது ஓர் அளவு

இச்சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதோ ஓட்ட முயல்வதோ குற்றமாகும். அந்த அளவு மூச்சுப் பரிசோதனைக் கருவியின் மூலம் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட பிற சோதனைகளும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதில் சேர்க்கப்பட்டன. ஆக, ‘குடித்திருந்தார்’ என்பது மட்டுமே குற்றமாகாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தது என்பதைச் சோதனை காட்ட வேண்டும்.

முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். முந்தைய சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் ‘2,000 ரூபாய் வரை’ என்றிருந்தது. குற்றவாளியின் வறுமையைக் கருதி அதைக் குறைக்க நடுவருக்கு இடமிருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ‘10,000 ரூபாய்’ என்று நிலையான தொகையை வைத்து அந்த இடத்தை மூடிவிட்டது. 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள்கூலி 336 ரூபாய். அதைக் கொண்டு கணக்கிட்டால் இந்த அபராதம் ஏறத்தாழ 30 நாள் கூலி.

சோதனையின் படிகள்

பிரிவு 203இன்படி, சீருடையில் உள்ள காவல் அலுவலர், ஒருவர் மது அருந்தி ஓட்டினார் என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால் அவரைக் கருவியில் ஊதச் சொல்லலாம். அக்கருவி ஒன்றிய அரசால் அறிவிக்கை மூலம் ஒப்புதல் அளிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். கருவி ஆல்கஹால் இருப்பதைக் காட்டினாலோ, ஊத மறுத்த ஒருவர் மது அருந்தியுள்ளார் என ஐயுறக் காரணம் இருந்தாலோ, பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். கைதானவருக்குக் காவல் நிலையத்தில் மீண்டும் ஊதிக் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும். பிரிவு 204 பதிவு பெற்ற மருத்துவர் மூலம் ரத்த மாதிரி எடுக்க வழிசெய்கிறது. கைதானவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், மற்றொரு பெண்ணின் முன்னிலையில்தான் மாதிரி எடுக்கப்பட வேண்டும். நியாயமான காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அது அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாகக் கொள்ளப்படும் என்கிறது பிரிவு 205. எனவே ஊத மறுப்பது ஓட்டுநருக்கு நன்மை தராது.

பெரிதும் மறக்கப்படுவது பிரிவு 202. இந்தக் குற்றத்துக்காக அப்பிரிவின் கீழ் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். இது காவல்துறையின் பெருந்தன்மையைச் சார்ந்த சலுகை அல்ல, சட்டத்தின் கட்டளை. ஆல்கஹால் நேரம் செல்லச் செல்ல ரத்தத்தில் குறைந்துவிடும் என்பதால், நிரபராதியைக் காப்பதற்கும் குற்றவாளி தப்பாதிருப்பதற்கும் இந்தக் கால வரையறை ஒருசேரத் தேவைப்படுகிறது.

வாடையும் தள்ளாட்டமும் போதுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1971லேயே விடை கூறிவிட்டது. பச்சுபாய் ஹஸனல்லி கார்யானி எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், மது வாடை, நிலையற்ற நடை, விரிந்த கண்பாவை ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்ய இயலாது என்று கூறியது.

சாலையில் நடப்பது

வட மாவட்டம் ஒன்றில் நாங்கள் முன்னிலையான வழக்கு இது. கட்டட வேலை முடித்து இரவில் இருசக்கர வாகனத்தில் திரும்பிய தலித் தொழிலாளி ஒருவரைக் காலனிக்குத் திரும்பும் முனையில் காவலர்கள் நிறுத்தினர். ஊர்ப் பெயரைக் கேட்டனர். பிறகு தெருப் பெயரைக் கேட்டனர். இரண்டாவது கேள்வி எதற்கென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கருவி கொண்டுவரப்படவில்லை. ‘வாடை அடிக்கிறது’ என்று சொல்லி, நிரப்பப்படாத தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, நடந்து போகச் சொன்னார்கள்.

நீதிமன்றத்தில் கருவியின் அச்சுச் சீட்டைக் கேட்டோம், மருத்துவச் சான்றைக் கேட்டோம். இரண்டும் இல்லை. வழக்கை நடத்தினால் விடுதலை பெற வாய்ப்புண்டு என்று அவரிடம் விளக்கினோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், அதுவரை வண்டி கிடைக்குமா என்பதும் தெரியாது என்று அவர் கணக்கிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி 10,000 ரூபாயைக் கட்டினார். தாம் அன்று குடிக்கவில்லை என்பதே அவர் சொன்னது. கருவி இருந்திருந்தால் அது உண்மையா பொய்யா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். சான்று இல்லாத வழக்கு தண்டனையில் முடிந்தது. சான்று உள்ள வழக்கைப் போலவே அதுவும் கணக்கில் ஏறியது.

இங்கு இரண்டு சட்டச் செய்திகளைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, காவலர்கள் சாலையிலேயே கட்டணம் பெற்று முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களைப் பட்டியலிடும் பிரிவு 200இல் 185 இடம்பெறவில்லை. எனவே இவ்வழக்கில் ‘ஸ்பாட் ஃபைன்’ என்பதே கிடையாது. சாலையில் கைமாறும் பணம் எதுவாயினும் அது அபராதம் அல்ல. இரண்டாவது, உரிமம், பதிவு, பெர்மிட் இல்லாத வாகனங்களைத் தடுத்து வைக்கும் அதிகாரத்தைத் தரும் பிரிவு 207இலும் 185 இல்லை. இதனடிப்படையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில், மது போதை வழக்குகளில் வாகனத்தைப் பறிமுதல் செய்ய இயலாது. உடன் வந்த, மது அருந்தாத, உரிமம் உள்ளவரிடமோ உறவினரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும் என்று கூறியது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்தில் எடுத்துக்காட்டத் தக்கது.

மறுமுனையில்

இதே சட்டம் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது? 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் மது அருந்திய இளைஞர் ஓட்டிய கார், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் 7 பேரைக் கொன்றது. விசாரணை நீதிமன்றம் அளித்த தண்டனை 6 மாதம். உயர் நீதிமன்றம் அதை 3 ஆண்டாக உயர்த்த, 2012இல் அலிஸ்டர் ஆன்டனி பெரைரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு உழைப்பாளிகளின் உயிருக்கு மூன்றாண்டு.

2024 மே 19 அன்று புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதி, இளம் மென்பொருள் பொறியாளர்கள் இருவர் இறந்தனர். 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அச்சிறுவனுக்கு முதலில் வழங்கப்பட்ட பிணையின் நிபந்தனைகளுள் ஒன்று. அவனுடைய ரத்த மாதிரி மாற்றி வைக்கப்பட்டது என்று காவல்துறை குற்றஞ்சாட்டி, அரசு மருத்துவர்கள் இருவரைக் கைது செய்தது. நம் தொழிலாளியிடம் மாதிரியே எடுக்கப்படவில்லை; அங்கே எடுக்கப்பட்ட மாதிரி மாற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டு. இரு இடத்திலும் காணாமற்போனது சான்றுதான்.

இதில் அரசின் பங்கையும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையைச் செய்வது அரசு நிறுவனமான டாஸ்மாக். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில்தான். மறு ஆண்டே, 20,000க்கு மிகாத மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அத்தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சிப் பகுதிகளுக்கு இத்தடை பொருந்தாது என்றும் தெளிவுபடுத்தப்பட்டது. விற்கும் கையும் பிடிக்கும் கையும் ஒரே அரசின் கைகள்.

நிறுத்தப்பட்டவர் அறிய வேண்டியவை

1. கருவியில் ஊத மறுக்க வேண்டாம். அது காட்டும் அளவைப் பார்க்கவும் அச்சுச் சீட்டின் நகலைப் பெறவும் கேளுங்கள்.

2. நிரப்பப்படாத தாளில் கையொப்பமிட வேண்டாம். ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றினால் பிரிவு 206இன்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும்.

3. கைது செய்தால் காரணத்தைத் தெரிவிக்கவும் உறவினருக்குத் தகவல் சொல்லவும் காவல்துறை கடமைப்பட்டுள்ளது. கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரக் கணக்கு அதிலிருந்து தொடங்குகிறது.

4. இது பிணையில் விடத்தக்க குற்றம். பிணையாள் தர வசதியற்றவரைச் சொந்தப் பிணைமுறியிலேயே விடுவிக்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு வழிசெய்கிறது.

5. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உரிமை தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

6. பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் அல்லாத காவலர் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின் கீழ் தனிக் குற்றம். மது போதை வழக்கு உண்மையாகவே இருந்தாலும் அந்தக் குற்றம் கரையாது.

நாம் கோருவது

ஒவ்வொரு வழக்கிலும் கருவியின் அச்சுச் சீட்டு குற்றப் பதிவோடு இணைக்கப்பட வேண்டும். அதன் நகல் ஓட்டுநரிடம் அங்கேயே தரப்பட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரிடமும் அந்தச் சீட்டு உள்ளதா என்று பார்த்த பிறகே நடுவர்கள் அபராதம் விதிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 185ஆம் பிரிவு கேட்கும் சான்றைக் காவல்துறையிடம் நீதிமன்றங்கள் கேட்டாலே போதும்.