கனவுல குடிச்சா குடிச்ச கணக்கா?

1/ "சார், விட்டு ஒம்பது நாளாச்சு. ஆனா தினமும் ராத்திரி கனவுல குடிக்கிறேன். எந்திரிச்சா வாயில வாடை அடிக்கிற மாதிரியே இருக்கு. கோயில்ல கயிறு கட்டிட்டு வந்தேன். இது குத்தமாயிடுமா?"

திண்டுக்கல் பக்கம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்தால் இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வரும். கூட வர்ற மனைவிக்கு வேற கவலை: "ராத்திரி பூரா பொலம்புறாரு சார். காத்து கருப்பு எதுவும் அண்டிருச்சோ?"

இதுக்குப் பதில் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

2/ 1813. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சட்டன் ஒரு நோய்க்குப் பெயர் வைக்கிறார்: டெலிரியம் டிரெமென்ஸ். நடுக்கத்தோட வர்ற பிதற்றல். அதுவரைக்கும் இதை மூளைக் காய்ச்சல்னு நினைச்சு, நோயாளியோட ரத்தத்தை வடிச்சு விட்டுட்டு இருந்தாங்க. சட்டன் அதை நிறுத்தி, அபின் கொடுத்துத் தூங்க வைத்தார். தூங்கினவங்க பிழைச்சாங்க. குடி நோய்க்கும் தூக்கத்துக்கும் உள்ள முடிச்சு அப்பவே கண்ணுல பட்டிருக்கு.

3/ 1881. பிரான்ஸ் மருத்துவர் சார்ல் லாசேக் ஒரு கட்டுரை எழுதுகிறார். அதோட தலைப்பே அவர் சொல்ல வந்த விஷயம்: குடியால் வரும் பிதற்றல் பிதற்றல் இல்லை, அது ஒரு கனவு. அதாவது சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்துற ஆள், கண்ணைத் திறந்துக்கிட்டே கனவு கண்டுட்டு இருக்கார். நல்ல யூகம். ஆனா கனவை அளக்க அன்னைக்கு எந்தக் கருவியும் கிடையாது.

4/ இன்னொரு கேள்வியும் தீராம கிடந்தது. இது குடிச்சதால வருதா, குடியை நிறுத்தினதால வருதா? ஒரு மாவட்டமே ஒரே நாள்ல நிறுத்துனா இது சாதாரணக் கேள்வி இல்லை. நம்ம ஊர்ல அது நடந்தது.

5/ 1937 அக்டோபர் 1. சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். அன்றைய சேலம்னா இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியும் சேர்த்து. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-க்குள் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அப்ப மதுரை மாவட்டத்துல இருந்த நம்ம திண்டுக்கல்லும் அதில் அடக்கம்.

மதுவிலக்குன்னா இன்னைக்கும் நாம பேசுறது வருமானம், குடும்ப நிம்மதி, கள்ளச்சாராயம். கடை மூடின முதல் வாரம் அந்த ஆளுங்க ராத்திரி எப்படித் தூங்கியிருப்பாங்கன்னு யாரும் கேக்குறதில்லை.

6/ அந்தக் கேள்விக்கு விடை 1955-ல் வந்தது. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரத்தில் ஹாரிஸ் இஸ்பெல் குழு, முன்னாடி மார்ஃபினுக்கு அடிமையா இருந்த பத்துப் பேருக்குத் தினமும் சாராயம் கொடுத்தது. நல்ல சாப்பாடு, வைட்டமின் எல்லாம் உண்டு. பல வாரம் கழிச்சு, சட்டுன்னு நிறுத்தினாங்க. நீண்ட நாள் குடிச்சவங்கள்ல சிலருக்கு வலிப்பு, சிலருக்குப் பிதற்றல். (இன்னைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு ஆய்வுக்கு அனுமதி தராது.) ஆக, நிறுத்துறதே ஒரு ஆபத்தான கட்டம்னு உறுதியாச்சு.

7/ இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1953-ல், சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் தூக்கத்துக்குள்ள ஒரு தனித் தூக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. மூடின இமைக்குள்ள கண் வேகமா ஓடும். அப்ப எழுப்பினா, "கனவு கண்டுட்டு இருந்தேன்"னு சொல்வாங்க. இதுதான் ரெம் உறக்கம். பெரியவங்க தூக்கத்தில் 20 முதல் 25 சதவீதம் இதுதான்.

1960-ல் வில்லியம் டிமென்ட் இன்னொன்றைக் காட்டினார். ரெம் வரும்போதெல்லாம் ஆளை எழுப்பி விட்டு, சில நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்க விட்டா, விட்டுப்போன கனவையும் சேர்த்து மூளை வசூல் பண்ணுது. தூக்கத்துலயும் கடன் கணக்கு உண்டு.

8/ அந்தக் கனவுத் தூக்கத்தை மது அமுக்குதுன்னு 1960-களில் தெரிஞ்சது. 1967-ல் கிரீன்பெர்க், பெர்ல்மன் இருவரும் குடியை நிறுத்தியவர்களின் தூக்கத்தை அளந்தார்கள். பிதற்றல் நிலைக்குப் போன சிலரோட தூக்கம் கிட்டத்தட்ட முழுக்கவே ரெம். லாசேக்கின் யூகத்துக்கு 86 வருஷம் கழிச்சு அளவீடு கிடைச்சது. பிதற்றலுக்கு இது மட்டுமே காரணம் இல்லை. மது இத்தனை வருஷம் அடக்கி வச்சிருந்த மூளை நரம்புகள், பிடி விட்டதும் மொத்தமா எகிறுறதும் சேர்ந்துதான். ஆனா கனவு ஏன் அப்படிக் கொட்டுதுன்னு புரிஞ்சிருச்சு.

9/ நம்ம பக்கம்? 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது. 1983-ல் டாஸ்மாக் உருவாச்சு, 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. நடுவுல 1980-ல், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக் கேடுன்னு திட்டாம, நோய்னு பார்த்துச் சிகிச்சை தர்ற வழி தமிழ்நாட்டுல அங்கிருந்து விரிஞ்சது.

10/ பிறகு 2020 மார்ச் 24. ஊரடங்கு. தமிழ்நாடு முழுக்கக் கடைகளுக்குப் பூட்டு. மே 7 வரைக்கும் திறக்கலை. சேலத்தில் 1937-ல் நடந்தது இப்ப மாநிலம் முழுக்க, முன்னறிவிப்பே இல்லாம. பெங்களூரு மருத்துவமனைகளில் அந்த நாட்களில் சிக்கலான குடிநிறுத்த நோயாளிகள் கூடியதை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. வார்னிஷ் குடிச்சு இறந்த செய்தியெல்லாம் நாம பேப்பர்லயே படிச்சோம்.

11/ சரி, ஒம்பது நாள் அண்ணனுக்கு என்ன பதில்?

அண்ணே, அது குத்தம் இல்லை, காத்து கருப்பும் இல்லை. இத்தனை வருஷம் மது அமுக்கி வச்ச கனவு, இப்ப வட்டியோட வருது. உங்க மூளை கடனை அடைக்குது. முதல் சில வாரம் கனவு பலமா இருக்கும். தூக்கம் ஒழுங்குக்கு வர சிலருக்குப் பல மாசம் ஆகும்.

அக்கா, கனவுல குடிச்சவர் திருட்டுத்தனமாக் குடிச்சவர் இல்லை. பதறி எந்திரிச்சா தண்ணி கொடுங்க. சந்தேகப்பட்டு விசாரிக்காதீங்க.

12/ இதை ஏன் இவ்வளவு நீளமாச் சொல்றேன்? நான் பார்த்த வரைக்கும், ஆசைப்பட்டுத் திரும்பக் குடிச்சவங்களை விட, "தூக்கம் வரலை சார், ஒரு கட்டிங் மட்டும் போட்டேன்"னு திரும்பினவங்க அதிகம். அந்தக் கட்டிங் தூங்க வைக்கும். ஆனா கடனை முதல்ல இருந்து ஏத்தி விட்டுடும். மெடிக்கல்ல நீங்களா தூக்க மாத்திரை வாங்குறதும் வேண்டாம். அது இன்னொரு பழக்கமாயிடும்.

13/ முக்கியமான எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டுலயே சட்டுன்னு நிறுத்தக் கூடாது. முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள பிதற்றல் வரலாம். நேரம், இடம் தெரியாமப் பேசுறது, இல்லாததைப் பார்க்கிறது, உடம்பு கொதிக்கிறது: இது கனவு இல்லை, 108-க்கு அடிங்க. அரசு மருத்துவமனையில் பி1 வைட்டமின் ஊசியும் மாத்திரையும் வச்சுப் பத்திரமா நிறுத்தலாம். ஆலோசனைக்கு 104, குடி மீட்பு உதவிக்கு 14446.

14/ அந்த அண்ணன் கடைசியாக் கேட்டார்: "அப்ப அந்தக் கனவு நல்லதா சார்?"

நல்லதுதான் அண்ணே. எந்திரிச்சதும் "அய்யோ, குடிச்சிட்டேனே"ன்னு பதறுறீங்க பாருங்க, விடணும்னு நினைக்கிற மனசு அது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறக்காம வாங்க.