வெள்ளம் வந்தால் உங்கள் கதவைத் தட்டுவது யார்?

'தேசிய சேவை' என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது பி.எல்.கே.என் முகாமாகத்தான் இருக்கும். 2004-இல் மூன்று மாதப் பயிற்சியாகத் தொடங்கி, 2018-இல் நிறுத்தப்பட்டு, 2025-இல் 45 நாள் பயிற்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால், காம்பாரில் நடுராத்திரி தண்ணீர் ஏறினால் அந்த முகாமிலிருந்து யாரும் ஓடி வரப்போவதில்லை.

அப்ப யாரு வருவாங்க? போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை ஆகியவற்றோடு இன்னும் இரண்டு சீருடைகளைப் பார்ப்பீர்கள். ஒன்று, 1952-இல் தொடங்கிய பொதுத் தற்காப்புப் படை, அதாவது ஏ.பி.எம். மற்றொன்று, 1972-இல் உருவான ரேலா. இரண்டிலும் பெரும்பாலானவர்கள் தன்னார்வலர்கள். பகலில் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள், உங்கள் பக்கத்து வீட்டு அங்கிளாகக்கூட இருக்கலாம்.

காம்பார் வட்டாரத்துக்குப் பேரிடர் புதிதல்ல. 1996 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, கனமழையில் மலையிலிருந்து சேறும் மரங்களும் அடித்து வந்து போஸ் டிப்பாங் பூர்வக்குடி கிராமத்தை மூடின. 44 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே தேசிய பாதுகாப்பு மன்றம் தனது 20-ஆவது ஆணையை வெளியிட்டது. பேரிடரில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று வகுத்தது அதுதான்.

மாவட்ட அளவில் பேரிடர் நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட அதிகாரி தலைமை தாங்குவார். ஏ.பி.எம் படகில் ஆட்களை மீட்கும். தற்காலிக நிவாரண மையத்தை, அதாவது பி.பி.எஸ்-ஸை, சமூக நல இலாகா நடத்தும். அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், ஆளில்லாத வீடுகள் பக்கம் ரோந்து போவதும் ரேலாவின் வேலை.

படகு மீட்பு டிவியில் வரும். தண்ணீர் வடிந்த பிறகு நடப்பது பெரும்பாலும் வராது. சேற்றை வாரிக் கொட்டுவது, ஊறிப்போன மெத்தையைத் தூக்கிப் போடுவது, சர்ஜரியிலிருந்து இன்னும் தேறாத பாட்டியின் வீட்டைக் கழுவித் தருவது என்று அது நாள்கணக்கில் இழுக்கும். ஆள் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

இன்னொரு விஷயம், மொழி. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா ஒருவர், "நான் வரல, வீட்டைப் பார்த்துக்கணும்" என்று அடம் பிடிக்கிறார் என்று வையுங்கள். சீருடையில் ஒருவர் தமிழில், "தாத்தா, ஐ.சி-யும் மருந்தும் எடுத்துக்குங்க, போலாம்" என்றால் அவர் கிளம்பும் வாய்ப்பு அதிகம். அதனால் இந்தப் படைகளில் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் சேர வேண்டும் என்பது என் கருத்து.

பதிவு செய்யாமலே உதவலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் பொதுமக்களே படகு கொண்டுபோய்ப் பலரை மீட்டார்கள். ஆனால், பயிற்சி இல்லாமல் ஓடும் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. காம்பாரைச் சுற்றிப் பழைய ஈயக் குட்டைகள் வேறு. வெள்ளத்தில் கரை எது, குட்டை எது என்றே தெரியாது.

18 வயது நிறைந்த மலேசியர் ரேலாவில் சேர விண்ணப்பிக்கலாம். ஏ.பி.எம்-மில் சேர, மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பணிக்கு அழைத்தால் மணிக்கணக்கில் சிறு அலவன்ஸ் உண்டு. அதைச் சம்பளமாக நினைக்க வேண்டாம். யுதார் மாணவர்களாக இருந்தால் வெள்ளத்துக்காகக் காத்திருக்காமல், செமஸ்டர் தொடக்கத்திலேயே பயிற்சிக்குப் போய்விடுங்கள். அதுவரை தண்ணீர் ஏறினால் முதலில் 999-க்கு அழையுங்கள்.