வெளிநாட்டுப் பருவக் கல்வி நிதியுதவி (அமெரிக்கா)

அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒரு செமஸ்டரோ ஓராண்டோ பிற நாட்டில் படித்து, அங்கே பெறும் கிரெடிட்டுகளைத் தம் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள உதவும் மானியம், கடன், உதவித்தொகை ஆகியவை.

இப்படி வெளிநாட்டில் படித்துப் பட்டத்தில் கணக்கிடும் முறை டெலவேர் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. வேறு சில கல்லூரிகளும் முதன்மை கோருவதுண்டு. ஓராண்டு முழுவதையும் பட்டப்படிப்பில் கணக்கிட்ட டெலவேருக்கே அது உரியது. முதல் உலகப் போர்க்களத்திலிருந்து திரும்பிய பேராசிரியர் ரேமண்ட் கர்க்பிரைட் திட்டத்தை வகுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் ஹல்லிஹென் துணை நின்றார். தொழிலதிபர் பியர் டூ பான்ட் பணம் தந்தார். 1923 ஜூலையில் எட்டு மாணவர்கள் 'ரோஷாம்போ' கப்பலில் பிரான்சுக்குப் புறப்பட்டனர். நான்சி நகரில் மொழிப் பயிற்சி. பிறகு பாரிஸில் சோர்போன் வகுப்புகள். 1925இல் ஸ்மித் கல்லூரியும் மாணவியரைப் பாரிஸுக்கு அனுப்பியது. டெலவேர் பின்னர் கைவிட்ட பிரான்சுத் திட்டத்தை 1948இல் ஸ்வீட் பிரையர் கல்லூரி ஏற்றது. நெடுங்காலம் இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் படிப்பாகவே இருந்தது.

1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின்கீழ் வசதி குறைந்த மாணவருக்கென 1972இல் ஏற்பட்ட அடிப்படை மானியம், 1980இல் செனட்டர் கிளெய்போர்ன் பெல் பெயரைப் பெற்றது. தாய்க் கல்லூரி கிரெடிட் வழங்க ஏற்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் கூட்டரசு உதவி செல்லும் என்பதை அச்சட்டத்தின் 1992ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது. விமானக் கட்டணத்தையும் சேர்த்துக் கல்விச் செலவைக் கணக்கிடக் கல்லூரிக்கு இடமுண்டு.

நடைமுறையில் சிக்கல் தேதியில்தான். கூட்டரசுப் பணம் பொதுவாக வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாளுக்கு முன்னதாகக் கைக்கு வராது. விமானச் சீட்டு, விசா, தங்குமிட முன்பணம் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே கட்டியாக வேண்டியவை. சட்டம் வழியைத் திறந்ததே தவிர, இந்த இடைவெளியை மாணவரின் குடும்பத்திடமே விட்டுவிட்டது. மேலும், கல்லூரிகள் பல தங்கள் சொந்த உதவித்தொகையை வெளியார் நடத்தும் திட்டங்களுக்குத் தருவதில்லை. வளாகத்தில் பகுதிநேர வேலை பார்த்து ஈட்டிய வருவாயும் அந்தப் பருவத்தில் நின்றுபோகும்.

பெல் மானியம் பெறுவோருக்கென்றே அமைந்தது கில்மன் உதவித்தொகை. நாடாளுமன்றத்தின் நியூயார்க் உறுப்பினர் பெஞ்சமின் கில்மன் பெயரால், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவப்பட்டது. வெளியுறவுத் துறையின் பணம். உச்சவரம்பு 5,000 டாலர். அரபு, சீனம் போன்ற மொழிகளைப் படிப்போருக்குக் கூடுதல் தொகை உண்டு. படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜான் மெக்கெய்ன் பெயரில் தனிப்பிரிவு இயங்குகிறது.