பட்டின் பெயரால் வந்த பூச்சி

ஆரணிப் பட்டுக்குப் பாவு நீட்டும் தெருக்களையுடைய போளூரில் வாழ்பவன் நான். ஆதலின், பட்டின் பெயரால் அயல்நாட்டுக் காடுகளுக்கு நேர்ந்த ஒரு தீங்கின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவிலே, பாஸ்டன் நகரை அடுத்த மெட்ஃபோர்டு என்னும் ஊரில், எத்தியேன் ட்ரூவலோ என்ற பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார். ஓவியர், பின்னாளில் வானியல் படங்களால் புகழ் பெற்றவர். பட்டுநூல் தரும் பூச்சிகளை வீட்டுப் புறத்தே வளர்ப்பதில் அவருக்குப் பேரவா. 1860-களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சி இனத்தைக் கொணர்ந்தார். அவற்றுட் சில தப்பி வெளியேறின. இருபது ஆண்டுகள் சென்றன. 1889-இல் அவ்வூர் மரங்கள் இலையிழந்து நின்றன; புழுக்கள் சுவரேறி வீடுகளுக்குள்ளும் புகுந்தன. மறு ஆண்டே மாஸசூஸெட்ஸ் அரசு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. பூச்சியோ ஒழியவில்லை.

ஓராண்டு வாழ்வில் எட்டு ஒன்பது திங்களை இது முட்டையாகவே கழிக்கிறது. கோடையில் தாய்ப்பூச்சி மரப்பட்டையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டு, தன் உடல் மயிரால் போர்த்துகிறது. அக்குவியல் கடற்பஞ்சை ஒத்திருப்பதால், 2022 முதல் ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்பாஞ்சி மாத்’ என வழங்குகின்றனர். முட்டைக்குள் உருவான புழு உறங்கும். சில வாரக் குளிர் பட்டாலன்றி அவ்வுறக்கம் சரிவரக் கலையாது. ஆயினும், குளிர் சுழியத்துக்குக் கீழ் 29 பாகை செல்சியஸ் அளவுக்கு மிஞ்சினால் முட்டைகள் மடியும். உறைபனிக்குள் புதைந்தவை மட்டும் தப்பும். இவ்வாறு வடபுலத்தில் கடுங்குளிரே வேலியாய் நின்றது. குளிர்காலம் மிதமாகும்போது அவ்வேலி தளர்கிறது. வெப்பம் எங்கும் இப்பூச்சிக்குத் துணை என்றும் கொள்ளலாகாது; வர்ஜீனியாவின் கரையோரச் சமவெளியில் கோடை வெப்பம் மிகவே, அது பின்வாங்கியும் இருக்கிறது.

நம் நாட்டின் நிலை யாது? மார்கழியில் ஜவ்வாது மலையை மூடுபனி போர்த்தினாலும் போளூரில் நீர் உறைவதில்லை. குளிர் நமக்கு வேலியாகாது. மெக்சிகோப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. ஏறத்தாழ ஒரு திங்களில் அதற்கு ஒரு தலைமுறை முற்றும். குளிர்கால உறக்கமும் இல்லை. பப்பாளியோடு நில்லாது தேக்கிலும் மல்பெரியிலும் ஏறிற்று. மல்பெரி இலை சுருங்கவே பட்டுப்புழுவுக்கு உணவு அரிதாயிற்று. மருந்து தெளிக்கலாமெனில், பூச்சியை அதன் மெழுகுப் போர்வை காத்தது. நஞ்சு படிந்த இலையையோ பட்டுப்புழுவுக்கு இடலாகாது!

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைச் சிறு குளவிகள் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தன. அங்கே பெருக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பது மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுவது. உறைபனி காணாத நம் குளிர்காலம் அந்தக் குளவிக்கும் ஏற்றதாயிற்று. மல்பெரித் தோட்டங்கள் மீண்டும் தளிர்த்தன.